விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிய திங்கட்கிழமை

போன மாதம் ரேவதி வீட்டுக்கு வந்திருந்தாள். பீங்கான் சோதனைக்கூடத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். ஓசூரில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிடுகிறதாம். பேட்டரி வண்டிகளுக்குள் வைக்கும் பீங்கான் பாகங்கள் செய்கிறார்கள். மொத்தமே பதினோரு பேர். நிரந்தர வேலையை விட்டுவிட்டு அந்த ஸ்டார்ட்அப்புக்குப் போகலாமா வேண்டாமா என்று நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

“உங்களுக்கும் அப்ப ஒரு கம்பெனி வந்துச்சாமே மேடம். சார்தான் விடலன்னு ஆபீஸ்ல சொல்வாங்க.”

சார் என்று அவள் சொன்னது என் கணவர் ராமலிங்கத்தை. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கிளம்பிவிட்டாள். ஒரு காபி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். அவர் விடவில்லை என்பது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.

எனக்குச் சொந்த ஊர் வேப்பூர் பக்கம். பீங்கான் டிப்ளமா படித்தபோது வகுப்பில் மூன்றே பெண்கள். படித்து முடித்து விருத்தாசலத்தில் அரசுப் பீங்கான் சேவை நிலையம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடங்களில் களிமண்ணைக் காயவைத்ததும் இடித்ததும் சலித்ததும் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. வேலை நிரந்தரமான வருடமே கல்யாணம் நடந்தது. அவர் ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒரே மகள்.

நிலையத்தின் வேலை இதுதான். சுற்றியிருக்கும் சிறு பட்டறைகள் ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்துப் பீங்கான், கோப்பை என்று செய்வதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் சோதித்து, தேறியது அல்லது தேறவில்லை என்று எழுதிக் கொடுப்போம். அந்தத் தாளை வைத்துத்தான் அவர்கள் வெளியூருக்கு விற்க முடியும்.

எங்கள் உதவி இயக்குநர் தாமோதரன் சார். கூட்டுகிறவர் முதல் பட்டறை முதலாளி வரை எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அறிக்கையை வாசிக்கும்போது வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். ஸ்கேல் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் அங்கே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். ஆனால் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. “இன்னொரு தடவை பார்த்துடலாமா” என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பீங்கான் துண்டு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்கும் சோதனையை அவர் எனக்கு நாலு முறை செய்ய வைத்தார். துண்டை அடுப்பில் காயவைத்து எடைபோட வேண்டும். பிறகு தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் ஆறவிட்டு, எடுத்துத் துடைத்து மறுபடி எடைபோட வேண்டும். நான் தப்பு செய்தது துடைப்பதில். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் துண்டு உள்ளே குடித்த தண்ணீரையும் துணி உறிஞ்சிக்கொள்ளும். மோசமான துண்டுகூட நல்லதாகத் தெரியும். துணியை நனைத்துப் பிழிந்து, மேலே ஒரே ஒரு முறை ஒற்ற வேண்டும். நாலாவது தடவைதான் ஸ்கேல் நிற்காமல் கடைசி வரி வரை வந்தது.

பஷீர் எங்கள் நிலையத்தில் சூளை பார்க்கும் ஒப்பந்த ஊழியராக இருந்தவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். அக்கா என்று கூப்பிடுவார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததால் கல்ஃபுக்குப் போய், அங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் பல வருடம் சூளை மேற்பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருடைய அத்தா கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். மகனும் கடையில் உட்காருவான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, பஷீர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டைப் பிடித்துச் சூளை கட்டினார். குடிதண்ணீர் வடிகட்டும் பீங்கான் குழல் செய்வதாகத் திட்டம். கடைகளில் கேண்டில் என்று கேட்பார்கள். களிமண்ணோடு உமித்தூளைக் கலந்து சுட்டால் உமி எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாகிவிடும். தண்ணீர் இறங்கும், அழுக்கு இறங்காது. ஸ்டார்ட்அப் என்ற வார்த்தை அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. புதுக் கம்பெனி என்றுதான் சொன்னோம்.

முதல் மாதிரிகளைச் சோதனைக்கு எங்களிடம்தான் கொண்டுவந்தார். அந்தச் சோதனை எளிது. குழலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே மெல்லக் காற்றை ஏற்ற வேண்டும். நல்ல குழலென்றால் மேலெல்லாம் வியர்த்தது போலப் பொடிப்பொடியாகக் குமிழி கட்டும். உள்ளே விரிசல் இருந்தால் ஓர் இடத்திலிருந்து மட்டும் சரம் போலக் குமிழி கிளம்பும். பத்துக் குழல்களில் எட்டு நன்றாக இருந்தன. இரண்டில் சரம் கிளம்பியது.

தாமோதரன் சார் ஸ்கேலை அந்த வரியில் நிறுத்தினார். உங்களுக்கு வேண்டியவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் வேறு பத்தை நான் எடுக்கிறேன் என்று சொல்லி, அவரே பெட்டியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். நான் காற்று ஏற்ற, அவர் தொட்டிக்கு மேல் குனிந்து பார்த்தார். மறுபடியும் இரண்டு. “எழுதிடுங்க” என்றார்.

தேறவில்லை என்று எழுதினேன்.

அறிக்கையை வாங்கிக்கொள்ள வந்த பஷீர் வராந்தாவில் நின்று இரண்டு முறை படித்தார். பட்டறைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். பத்தில் எட்டு நன்றாக இருக்கிறதே, கொஞ்சம் பார்த்து எழுதக்கூடாதா என்று கேட்பார்கள். பஷீர் அந்த இரண்டு குழல்களையும் காட்டச் சொன்னார். விரிசல் இருந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் மனைவியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வேண்டியவன்னு பார்க்காம எழுதினீங்க பாருங்க, அந்தக் கைதான்க்கா எனக்கு வேணும். தரம் பூரா உங்க பொறுப்பு. நீங்க வேணாம்னா ஒரு குழலு கூட வெளிய போவாது. வந்துடுங்க.”

அன்றைக்கு என் கணவர் பஷீரின் கையைப் பிடித்து, நல்லா வரணும் என்று சொல்லி வாசல் வரை போய் வழியனுப்பினார். பிறகு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“உனக்குப் போவணும்னு இருக்குதா?”

தெரியவில்லை என்றேன்.

“தெரியலன்னு சொல்றப்பவே ஒம் மூஞ்சி சிரிக்குது வசந்தா. போ. நான் ஸ்டியரிங் புடிக்கிற வரைக்கும் வூட்டுல அடுப்பு எரியும்.”

மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இருபது வருடச் சேவையை நான் முடித்திருந்ததால் விருப்ப ஓய்வில் போனாலும் ஓரளவு ஓய்வூதியம் வரும். ஆக, பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வெளியில் இல்லை. இதை நான் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எனக்கே நான் பல காரணங்களைச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுத்தேன். நீளத் தாளை வாங்கிவந்தது என் கணவர்தான். தாமோதரன் சார் ஸ்கேலை வைத்தே அதையும் வாசித்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். “திங்கட்கிழமை மதியம் தபால்ல போவும். அதுவரைக்கும் எம் மேசையிலயே இருக்கட்டும்” என்றார். அன்று சாயங்காலம் பஷீருக்குப் போன் செய்து, கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த வேலைக்காக வேறொருவரிடமும் பேசி வைத்திருந்தாராம். சனிக்கிழமை காலை அந்த ஆளிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். குழல் வாங்க இருந்த சென்னைக் கம்பெனிக்கும் என் பெயரைச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சூளை திறக்கிறோம், வாருங்கள் என்றார். போனேன்.

ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேலே புதுத் தராசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பை மாட்ட சுவரில் ஓர் ஆணி. தலைக்கு மேலே காற்றாடி. பஷீரின் மனைவி நஸ்ரின், “வெளிச்சம் போதுமாக்கா, இல்ல மேசையத் தள்ளிப் போடலாமா” என்று கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தோரு வருடத்தில் எனக்காக ஒருவர் மேசையின் இடத்தை யோசித்தது அதுதான் முதல் முறை.

சூளைக் கதவைத் திறந்து, தண்டவாளத்தின் மேல் வண்டியை இழுத்தார்கள். மேல் தட்டில் குழல்கள் வெள்ளை வெளேரென்று நேராக நின்றன. இரண்டாவது தட்டும் பரவாயில்லை. கீழ்த் தட்டில் இருந்தது முழுக்கச் சாய்ந்திருந்தது. சில ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, சில இடுப்பு வளைந்து. சென்னைக்குச் சரக்கு வியாழக்கிழமை போக வேண்டும். பஷீர் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“இப்ப என்னா பண்ணலாம்க்கா?”

“இது தேறாது” என்றேன். அது சுலபமாக வந்தது.

“அது தெரியுதுக்கா. அடுத்து என்னா பண்ணலாம்?”

என்னை யாரும் அதுவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. சோதனைக்கூடத்தின் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. தேறவில்லை என்று எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது. கொண்டுவந்தவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் என்ன செய்தார், எத்தனை சூளை பாழாயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஐந்தே முக்காலுக்கு நான் பஸ் ஏறிவிடுவேன்.

எனக்கு எதுவும் தோன்றாமல் இல்லை. கீழ்த் தட்டில்தான் நெருப்பு முதலில் தாக்கும். உமி எரிந்து தீர்வதற்குள் அனலை ஏற்றிவிட்டார்கள், ஆரம்பத்தில் இன்னும் நாலு மணி நேரம் நிதானமாக விட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. வாய் வரைக்கும் வந்தது. சொல்லி, அடுத்த சூளையும் சாய்ந்துவிட்டால்? இதே போல எல்லோரும் நின்று என்னைப் பார்ப்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிற்பாடு கேள்விப்பட்டேன். இன்னும் மூன்று சூளை பாழான பிறகு அவர்களே கண்டுபிடித்தார்களாம். காரணம் அதேதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தாமோதரன் சார் அறைக்குள் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். எடுத்துக்கொண்டேன். வாசலைத் தாண்டும்போது, “நீங்க போயிடுவீங்கன்னு நெனச்சேன்மா” என்றார். குரலில் குறையாக எதுவும் இல்லை. அதன் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை.

அன்று சாயங்காலம் பஷீர் நிலையத்தின் வெளிக்கேட்டில் நின்றிருந்தார். தபால் போயிற்றா என்று கேட்க வந்திருந்தார். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மனிதர் என்னைத் திட்டக்கூட மாட்டார். ஆனால் சோதனைக்கூடத்தில் யாருக்கும் அசையாதவள் என்று பெயர் வாங்கியிருந்த நான், அந்த வார்த்தையைச் சொல்ல விரும்பவில்லை.

“வூட்டுல ஒத்துக்கல பஷீர். அவருக்குப் புடிக்கல” என்றேன்.

“அண்ணனா? எங் கையப் புடிச்சு நல்லா வரணும்னாரே” என்றார்.

“வெளிய அப்படித்தான் பேசுவாரு.”

முதல் பொய்யை விட இந்த வாக்கியம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. முதலாவது தப்பிக்கச் சொன்னது. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

வீட்டில் அவரிடம், சரியாக வரும் என்று தோன்றவில்லை, வாங்கிக்கொண்டேன் என்று சொன்னேன். “உனக்கு எது சரியோ அது” என்றார். சாப்பாடு போடச் சொன்னார்.

விருத்தாசலம் சின்ன ஊர். பீங்கான் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெண்டாட்டியை முன்னேற விடாத டிரைவர் என்று ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் என்னோடு வேலை பார்த்தவரின் வீட்டுக்காரர் என் காதுபடவே அவரிடம், “என்னா ராமலிங்கம், அம்மாவ வுடமாட்டேன்னுட்டீங்களாமே” என்று சிரித்தார். இவரும் சிரித்தபடி மோர் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் கேட்பார் என்று இரண்டு மூன்று நாள் காத்திருந்தேன். கேட்கவில்லை. சரி, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

கடைவீதியில் பஷீர் எதிரே வந்தால் எனக்கு வணக்கம் சொல்வார். என் கணவரோடு நான் போனால் ஸ்கூட்டரை மெதுவாக்காமல் போய்விடுவார். இவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நடப்பார்.

அதன்பின் பதினோரு வருடம் அதே நாற்காலியில் இருந்தேன். பதவி உயர்வு ஒன்று வந்தது. பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். வேலையில் நான் குறை வைத்ததில்லை. பஷீரின் கம்பெனி ஒரு வருடம் மூடும் நிலைக்குப் போய், பிறகு மீண்டது. இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து முப்பது பெண்களுக்கு மேல் அங்கே வேலைக்கு வருகிறார்கள். தரத்துக்குப் பக்கத்து மங்களூரிலிருந்து வரும் ஒரு பெண்ணை வைத்திருக்கிறார். போகாமல் இருந்ததை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தோடு ஒரு மனுஷியால் காலம் தள்ள முடியும். வேலையை விடாமல் இருந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

நான் ஓய்வு பெற்ற மறு மாதம் என் கணவருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். பஷீர் வந்திருந்தார். உள்ளே வராமல் பந்தல் ஓரமாகவே நின்றுவிட்டு, எடுத்த பிறகு போய்விட்டார். அவர் அப்படித் தள்ளி நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தொழிற்பேட்டைக்குப் போனேன். பஷீர் எழுந்து நாற்காலி போட்டார். தாடி பாதி நரைத்திருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. வீட்டில் அவர் போகச் சொன்னார், நான்தான் பயந்தேன், அதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு அவர் தலையில் போட்டேன் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். பஷீர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அண்ணன் இங்க வந்தாருக்கா” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“நீங்க வரலன்னு சொன்ன அந்த வாரமே வந்தாரு. எங்க ஆளு ஒருத்தரு பஸ்ஸுல போவும்போது, ஏன் அவங்கள விடலன்னு அவருகிட்டயே கேட்டிருக்காரு. டூட்டி முடிஞ்சு காக்கிச் சட்டையோட நேரா இங்க வந்துட்டாரு. ‘ஆமா பாய், நான்தான் வேணாம்னுட்டேன். அவ மேல வருத்தப்படாதீங்க’ன்னாரு.”

பஷீர் மேசையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

“நான் பதிலே சொல்லல. சூளையப் பார்த்துக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலக்கா நான்.”

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர் என்னோடு அதே வீட்டில் இருந்தார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நானும் ஒரு நாளும் கேட்கவில்லை.

வேலை முடிந்த பெண்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, அன்றைக்கு அவர் எங்கே நின்றார் என்று கேட்டேன். பஷீர் கையை நீட்டி, கதவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார்.